ரேடியோ நெல்

சுங்கை பூலோ காலை நெரிசலில் வண்டி நகராத வேளைகளில் அறிவியல் வலையொலிகளைக் கேட்பது என் வழக்கம். கேட்டவற்றுள் பெரும்பகுதியை மாலைக்குள் மறந்துவிடுகிறேன். அப்போதெல்லாம் தஞ்சை உழவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

1939-இல் தொடங்கப்பட்ட திருச்சி வானொலி நிலையத்தில், 1966-இல் உழவர்களுக்கெனத் தனிப்பிரிவு அமைந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் அப்போதுதான் ஏ.டி.டி. 27 என்னும் நெல்லை வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ 105 நாளில் விளையும், குறுவைக்கு ஏற்றது. நாற்று, உரம், பூச்சி என அந்தந்தப் பருவத்துச் செய்தியை வானொலி உழவர்க்குப் புரியும் தமிழில் சொன்னது. கேட்டவர்கள் விதை தேடிப் போனார்கள். ஏ.டி.டி. என்னும் எழுத்துகள் யாருக்கு வேண்டும்? 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டுவிட்டார்கள்! (வளர்த்தெடுத்த ஆய்வாளர்களுக்குச் சற்று வருத்தம் இருந்திருக்கலாம்.)

நமக்கும் இதில் உறவுண்டு. இண்டிகா, சப்போனிகா நெல்லினங்களைக் கலக்கும் திட்டமொன்று 1950-களில் ஒரிசாவின் கட்டாக்கில் நடந்தது. அதன் வழிவந்தது ஏ.டி.டி. 27. 1965-இல் மலேசியாவில் வெளியான மசூரி நெல்லும் அதன் வழிவந்ததே. அந்த மசூரி பின்னர் கடல் கடந்து ஆந்திர வயல்களிலும் வேரூன்றியது.

நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு இக்கதையைச் சொன்னேன். "வானொலி பொய் சொல்லியிருந்தால், டீச்சர்?" என்றாள் ஒருத்தி.

"ஒரு போகம் நட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்றேன்.

அன்று காலை நான் கேட்டது கருந்துளையைப் பற்றி. அதை எந்த வயலில் நட்டுப் பார்ப்பது என்று அவள் கேட்கவில்லை, நல்லவேளை.