மே மாசத்துல பாட ஒரு ஜப்பான் பாட்டு



திருமுடிவாக்கம் சிட்கோவுல, ஆட்டோ உதிரிபாகம் செய்யுற கம்பெனியில வேலை பார்க்குற ஒரு தம்பி பிரஷர் செக் பண்ண வந்தப்ப கேட்டார். "டாக்டர், அடுத்த வாரம் ஒரகடத்துல இருந்து ஜப்பான் சார்ங்க வர்றாங்க. டின்னர் முடிஞ்சு கரோக்கி இருக்காம். எங்க டீம்ல ஒருத்தர் ஜப்பான் பாட்டு பாடணும்னு மேனேஜர் என் பேரைக் குடுத்துட்டார். எதைப் பாடுறது?"

மருந்துச் சீட்டுல எழுதிக் குடுக்கிற விஷயம் இல்ல இது. ஆனா இந்தக் கேள்விக்குள்ள பெரிய வரலாறு இருக்கு. கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

முதல்ல கரோக்கி. "கரா"ன்னா வெறுமை. "ஓகே"ங்கிறது ஆர்க்கெஸ்ட்ராவோட சுருக்கம். ஆக, ஆள் இல்லாத ஆர்க்கெஸ்ட்ரா. கோபே நகரத்து மதுக்கடைகள்ல, பாட ஆசைப்படுற வாடிக்கையாளர்களுக்குப் பின்னணி வாசிச்சிட்டு இருந்தவர் டைசுகே இனோவே. ஒரு கம்பெனி முதலாளி வெளியூர் பயணத்துக்கு இவரையும் வாசிக்கக் கூப்பிட்டார். இவரால போக முடியல. அந்த முதலாளியோட குரலுக்கும் வேகத்துக்கும் தோதா இசையை மட்டும் டேப்ல பதிஞ்சு அனுப்பிட்டார். அதுல பிறந்த யோசனைதான் 1971-ல அவர் செஞ்ச, காசு போட்டா பாடவிடுற பெட்டி. முதல்ல 11 பெட்டிகள். காப்புரிமை வாங்கவே இல்ல மனுஷன்! (1967-லயே டோக்கியோவுல ஷிகெயிச்சி நெகிஷி இதே மாதிரி ஒரு பெட்டி செஞ்சுட்டார்ங்கிறதும் உண்மை.) 2004-ல இனோவேவுக்கு அமைதிக்கான இக் நோபல், அதாவது சிரிக்க வைக்கிற நோபல், கிடைச்சது. மனுஷங்க ஒருத்தரை ஒருத்தர் சகிச்சுக்கப் புது வழி கண்டுபிடிச்சதுக்காக. கல்யாண மண்டபத்துல மாமா மைக் பிடிச்ச அனுபவம் உள்ளவங்களுக்கு இந்த விருதோட நியாயம் புரியும்.

சரி, பாட்டுக்கு வருவோம். ஜப்பான்காரங்க பருவத்தை ரொம்பப் பார்ப்பாங்க. யூடியூப்ல தேடினா முதல்ல வர்றது சகுரா பாட்டுதான். ஆனா டோக்கியோ பக்கம் சகுரா ஏப்ரல் முதல் பாதியிலயே கொட்டிடும். மே மாசம் அதைப் பாடினா தப்பில்ல, சித்திரையில பொங்கல் பாட்டு பாடுற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

நமக்குக் கத்திரி வெயில் ஆரம்பிக்கிற அதே நேரம் அங்க வசந்தத்தோட கடைசி. அவங்க கணக்குல வசந்தத்தோட முதல் நாள்ல இருந்து 88-வது நாள் மே 2 வாக்குல வரும். தேயிலையில முதல் கொழுந்து கிள்ளுற காலம். அதைச் சொல்லுற "சாத்சுமி" (கொழுந்து கிள்ளுதல்) 1912-ல அரசாங்கப் பள்ளிப் பாட்டுப் புத்தகத்துல வந்தது. பசங்க எதிரெதிரா உட்கார்ந்து கை தட்டி விளையாடுற பாட்டு. சின்னது, ஈஸி. நீலகிரியிலயும் வால்பாறையிலயும் இலங்கை மலையகத்துலயும் கொழுந்து கிள்ளினது நம்ம சனம்தான்னு பாடி முடிச்சிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த டேபிள்ல பேச விஷயம் கிடைச்சிடும்.

எதைப் பாடக்கூடாதுங்கிறது இன்னும் முக்கியம்.

ஜப்பான் கரோக்கிப் பட்டியல்ல போர்க்காலத்து ராணுவப் பாட்டுகளும் இருக்கு. "குன்கா"ன்னு சொல்வாங்க. மெட்டு சுலபம், அணிவகுப்புத் தாளம், உடனே வாயில ஒட்டும். தெரியாம அதை எடுத்துடாதீங்க. ஏன்னா தமிழர்கள் கூட்டம் கூட்டமா ஜப்பான் பாட்டு கத்துக்கிட்ட காலம் ஒண்ணு ஏற்கெனவே இருந்தது.

1942 பிப்ரவரி 15-ல சிங்கப்பூர் விழுந்தது. அடுத்த மூன்றரை வருஷம் மலாயா, சிங்கப்பூர் பள்ளிகள்ல காலையில டோக்கியோ திசையைப் பார்த்துக் குனியணும், "கிமிகயோ" பாடணும், தேசபக்தி அணிவகுப்புப் பாட்டு பாடணும். அர்த்தம் தெரியாமலே தமிழ்ப் பிள்ளைகளும் பாடினாங்க. அந்தத் தலைமுறையில சிலருக்கு எண்பது வயசு தாண்டியும் அந்த வரிகள் அட்சரம் பிசகாம வந்தது. பாட்டுங்கிறது மூளையில அவ்வளவு ஆழமா உட்காரும். ஞாபக மறதி நோய் முத்தினவங்ககூட சின்ன வயசுப் பாட்டை முழுசாப் பாடுறதை எங்க துறையில அடிக்கடி பார்க்குறோம்.

பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல பாடினப்ப பெரியவங்க எங்க போனாங்க? சயாம் மரண ரயில்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 415 கிலோமீட்டர் காட்டுப்பாதை. 1943 அக்டோபர்ல தண்டவாளம் இணைஞ்சது. மலாயாவுல இருந்து மட்டும் 70,000-க்கும் மேல கொண்டுபோனாங்க, அதுல பெரும்பாலானவங்க ரப்பர் தோட்டத் தமிழர்கள். 1943-ல மழை தொடங்குற நேரத்துல, இதே மே மாசத்தை ஒட்டி, முகாம்கள்ல காலரா புகுந்தது.

ஒரு மருத்துவனா இந்த இடத்தைக் கடக்க எனக்குக் கஷ்டமா இருக்கு. காலராவுல ஆளைக் கொல்லுறது பெரும்பாலும் நீரிழப்புதான். கொதிக்க வச்ச தண்ணி, உப்பு, சர்க்கரை சரியான அளவுல போயிருந்தா நிறைய பேரைக் காப்பாத்தியிருக்கலாம். வெள்ளைக்காரப் போர்க் கைதிகளோட முகாம்கள்ல அவங்க ராணுவ மருத்துவர்கள் இருந்தாங்க. கையில கிடைச்சதை வச்சு உப்புநீர் தயாரிச்சு நரம்புல ஏத்தினாங்க. தோட்டத் தமிழனோட முகாம்ல பெரும்பாலும் மருத்துவரே இல்ல. இன்னைக்குக் காஞ்சனபுரியில போர்க் கைதிகளுக்குப் பேர் பொறிச்ச கல்லறைகள் வரிசையா இருக்கு. நம்மாளுங்களுக்கு அப்படிப் பேர் பொறிச்ச கல் கிடையாது.

அதே மலாயாவுல நேதாஜி படைக்குத் தாலியைக் கழட்டிக் குடுத்த தமிழச்சிகளும் இருந்தாங்க. அதனால இது கறுப்பு வெள்ளைக் கதை இல்ல. ஒரகடத்துல இருந்து வர்ற ஜப்பான் சார் இதுக்குப் பொறுப்பும் இல்ல. ஆனா அந்த மெட்டை நம்ம வாயால, விருந்துல, சிரிச்சுக்கிட்டே பாட வேண்டாம். அவங்கள்லயே பலர் நெளிவாங்க.

அப்போ எதைத்தான் பாடுறது?

என்னோட சிபாரிசு "உயே ஓ முயிதே அருகோ". தலைப்புக்கு அர்த்தம், மேலே பார்த்து நடப்போம். 1961-ல வந்தது. எழுதினவர் ரொகுசுகே எய், இசை ஹசிடாய் நகமுரா, பாடினவர் க்யு சகமோட்டோ. கண்ணீர் கீழ விழாம இருக்க அண்ணாந்து பார்த்துக்கிட்டே தனியா நடக்குற ஒருத்தரோட பாட்டு. கேட்டா காதல் தோல்வி மாதிரி இருக்கும். ஆனா விதை விழுந்த இடம் வேற. 1960-ல அமெரிக்காவோட போட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து டோக்கியோவுல பெரிய பெரிய ஊர்வலங்கள். ஜூன் 15 அன்னைக்கு நாடாளுமன்ற வாசல் மோதல்ல ஒரு மாணவி இறந்துபோனார். ஒப்பந்தம் அப்படியும் அமலுக்கு வந்தது. போராட்டத்துல கலந்துக்கிட்டுத் தோத்த மனசோட வீட்டுக்கு நடந்த எய், அந்த ஆற்றாமையைப் பாட்டாக்கினார்.

அதே பாட்டு அமெரிக்காவுக்கே போச்சு. பேரு வாயில நுழையலன்னு "சுகியாகி"ன்னு வச்சாங்க. அது மாட்டிறைச்சிக் குழம்பு! நம்ம சோகப் பாட்டு ஒண்ணுக்குக் கொத்து பரோட்டான்னு பேர் வச்சா எப்படி இருக்கும், அப்படித்தான். ஆனாலும் முழுக்க முழுக்க ஜப்பான் மொழியிலயே பில்போர்ட் பட்டியல்ல முதலிடம் பிடிச்சு மூணு வாரம் நின்னது. முதலிடத்துக்கு வந்த தேதி 1963 ஜூன் 15. அந்த மாணவி இறந்து சரியா மூணு வருஷம். யாரும் திட்டம் போட்டுச் செஞ்சதில்ல. 1985 ஆகஸ்ட் 12-ல 520 பேர் இறந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விபத்துல சகமோட்டோவும் போயிட்டார். வயசு 43. 2011 சுனாமிக்கு அப்புறம் நாடே மறுபடி இந்தப் பாட்டைத்தான் பாடிச்சு.

மே மாசத்துக்கு ஏன் இதுன்னா, அங்க பள்ளிக்கூடம், வேலை எல்லாம் ஏப்ரல்ல தொடங்கும். மே முதல் வாரம் தொடர் லீவு. அது முடிஞ்சு திரும்பும்போது புதுசா சேர்ந்தவங்களுக்கு ஒரு சோர்வு வரும். தூக்கம் கெடும், வேலைக்குப் போகவே பிடிக்காது. "கொகட்சு ப்யோ"ன்னு பேர், அதாவது மே மாச நோய். மருத்துவப் பாடப் புத்தகத்துல இல்லாத பேர்தான். ஆனா பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த யாருக்கும் இது புரியும். குடும்பத்தை நகோயாவுல விட்டுட்டு இங்க ஃபிளாட்ல தனியா சமைச்சுச் சாப்பிடுற ஜப்பான் இன்ஜினீயருக்கும், திருநெல்வேலியில இருந்து வந்து திருமுடிவாக்கத்துல ரூம் எடுத்துத் தங்குற நம்ம பையனுக்கும்.

இது ஒண்ணும் அதிசயமான முயற்சியும் இல்ல. சென்னையில இந்திய-ஜப்பான் வர்த்தக சபை கரோக்கிப் போட்டியே நடத்தியிருக்கு. நம்மாளுங்க ஜப்பான் பாட்டு, அவங்க தமிழ்ப் பாட்டு. 1998-ல "முத்து" டோக்கியோவுல ஓடினதுல இருந்து அந்தப் பக்கமும் ஆர்வம்தான்.

தொண்டை விஷயம் சொல்லாம விட்டா நான் டாக்டர் இல்ல. ஹாங்காங்ல 2003-ல கரோக்கி பாடுறவங்களை வச்சு ஒரு ஆய்வு செஞ்சாங்க. பாட்டுக்குப் பாட்டு தண்ணி குடிச்சு, கொஞ்சம் வாயை மூடி ஓய்வு எடுத்தவங்க, தொடர்ந்து பாடினவங்களை விட அதிக நேரம் தாக்குப்பிடிச்சாங்க. தண்ணின்னா தண்ணிதான், வேற எதுவும் இல்ல.

உச்சரிப்புக்குப் பயப்படாதீங்க. அவங்களுக்கும் அ, இ, உ, எ, ஒ தான் உயிர். குறில் நெடில் மாறினா அர்த்தம் மாறும், நம்ம மாதிரியே. தமிழ்ல எழுதி வச்சுப் பாருங்க, ரெண்டே நாள்ல வந்துடும். பாட்டு நடுவுல ஒரு இடத்துல வார்த்தையே கிடையாது, வெறும் விசில். அடிக்கத் தெரியலன்னா மைக்கைப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ஜப்பான் சார் கிட்ட நீட்டிடுங்க, அவர் அடிப்பார்.