சித்திலெப்பை காட்டிய வழியும் பிள்ளைகளின் போனும்



படிப்புக்காகப் பிள்ளைகள் வகுப்பறைக்குப் போன் கொண்டுவரலாமா என்ற பேச்சு நமது ஊர்களில் ஓயவில்லை. கொண்டுவரலாம் என்போர் ஒரு வரலாற்றைச் சொல்கிறார்கள்: "அன்று ஆங்கிலப் படிப்பு வேண்டாமென்று ஒதுங்கிப் பின்தங்கினோம். இன்று போனையும் ஒதுக்கினால் அதே கதைதான்." இதில் பாதி உண்மை. மீதியையும் பார்ப்போம்.

19ஆம் நூற்றாண்டில் இந்த நாட்டின் ஆங்கிலப் பாடசாலைகளில் அதிகமானவை மிஷனரிமாரின் கையில் இருந்தன. அங்கே அனுப்பினால் பிள்ளையின் ஈமான் போய்விடும் என்று நமது மூத்தோர் பயந்தார்கள். அது வீண் பயமல்ல. மதம் பரப்புவதும் அந்தப் பாடசாலைகளின் நோக்கம்தான். ஆனால் ஒதுங்கியிருந்ததற்கு விலையும் கொடுத்தோம். அரசாங்க உத்தியோகம், சட்டம், வைத்தியம் எல்லாவற்றிலும் பின்வரிசையில் நின்றோம்.

கண்டியில் 1838இல் பிறந்த சட்டத்தரணி எம்.சி. சித்திலெப்பை இதை மாற்றப் புறப்பட்டார். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, கல்வியின் தேவையை ஊர் ஊராகக் கொண்டுசென்றார். 1883இல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷா துணைநின்றார். வாப்பிச்சி மரைக்கார் போன்றோர் உழைப்பும் பணமும் தந்தார்கள். 1892இல் மருதானையில் ஆரம்பமான மத்ரஸாதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி. பெண்பிள்ளைகளின் படிப்புக்கும் சித்திலெப்பை பாதை திறந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "பயப்படாமல் போய்ப் படியுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. கட்டடம், ஆசிரியர், பாடநூல் என்று ஏற்பாட்டையும் செய்தார். மார்க்கமும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வழி தேடினார். புதியதை வாங்கிக்கொண்டோம், ஆனால் நமது கண்பார்வையில் வாங்கிக்கொண்டோம்.

1982இல் ரூபவாஹினி வந்தபோதும் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்ற பேச்சு இருந்தது. ஆனால் டீவி வீட்டின் நடு ஹாலில் இருந்தது. உம்மாவும் வாப்பாவும் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளையும் பார்த்தது. போன் அப்படியல்ல. பிள்ளையின் கைக்குள் இருக்கிறது; அது என்ன பார்க்கிறது என்று பக்கத்து மேசைப் பிள்ளைக்குக்கூடத் தெரியாது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. ஏற்பாடு ஏதுமில்லாமல் போன் வகுப்பறையானது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு போன். அதுவும் வாப்பாவின் போன். வாப்பா கடைக்குப் போனால் போனும் போய்விடும். மாலையில் வந்தால் சாதாரண தரம் எழுதும் நானாவுக்கு முதலிடம். ஏழாம் வகுப்பில் இருந்த தங்கச்சிக்கு மிஞ்சியது டேட்டா முடிந்த போன். மலைநாட்டில் சிக்னல் தேடிக் கற்பாறைகளில் ஏறிய பிள்ளைகளைச் செய்திகளில் பார்த்தோம். அந்த இரண்டு வருடங்களில் விட்டுப்போன எழுத்தும் வாசிப்பும் இன்னும் சில பிள்ளைகளிடம் திரும்பி வரவில்லை என்பது கொப்பி திருத்தும் எங்களுக்குத் தெரியும்.

மற்ற நாடுகளும் யோசித்திருக்கின்றன. பிரான்ஸ் 2018இல் சட்டம் போட்டு, ஏறத்தாழ 15 வயது வரையான மாணவர்கள் பாடசாலையில் போன் பாவிப்பதைத் தடுத்தது. உலகில் ஏறக்குறைய நான்கில் ஒரு நாடு இப்படித் தடை வைத்திருப்பதாக யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. அதே அறிக்கை, சரியான இடத்தில் பாவித்தால் தொழில்நுட்பத்தால் பயன் உண்டு என்றும் சொல்கிறது. நாமும் அதை மறுக்கவில்லை. இதயத்தில் இரத்தம் ஓடும் விதத்தைக் கரும்பலகையில் கீறி விளங்கப்படுத்த ஒரு பாடவேளை போய்விடும். அசையும் படத்தில் இரண்டு நிமிடத்தில் பிள்ளைக்குப் பிடிபடும்.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது. பிள்ளை தன் சொந்தப் போனைப் பாடசாலைக்குக் கொண்டுவர வேண்டாம். கொண்டுவரலாம் என்றால், போன் இல்லாத பிள்ளை அன்றைக்கே இரண்டாம் வரிசைக்குப் போய்விடும். பாடத்துக்குத் தேவையென்றால் பாடசாலைக்குச் சொந்தமான சில டெப்கள் இருக்கட்டும். இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து, ஆசிரியர் முன்னால் பாவிக்கட்டும். மணி அடித்ததும் அலுமாரிக்குள் போகட்டும். ஆசிரியர்களாகிய நாமும் வீட்டுவேலையை வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டுவிட்டு, "பார்க்கவில்லையா?" என்று பிள்ளையைக் கேட்கக் கூடாது.

இதற்குப் பணம் வேண்டும். நுழைவாயில் கட்டவும் விளையாட்டுப் போட்டிக்கு டீஷர்ட் அடிக்கவும் நமது ஊர்களில் பணம் சேர்கிறது. பழைய மாணவர் சங்கங்களும் பள்ளி நிர்வாகங்களும் மனம் வைத்தால் ஒரு வகுப்புக்குப் பத்து டெப் பெரிய காரியமல்ல. 1892இல் நம்மைவிட வசதி குறைந்த ஒரு சமூகம் ஒரு பாடசாலையையே தொடங்கியது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் "போன் வேண்டுமா, வேண்டாமா" என்று கத்திக்கொண்டிராமல், "போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு?" என்ற கேள்வியோடு வாருங்கள். உங்கள் கருத்துகளையும் கீழே எழுதுங்கள்.