மருத்துவச் செலவும் வரியும்

மருத்துவச் செலவை யார், எந்த வழியில் ஏற்பது என்பது உலக நாடுகளின் வரி விவாதங்களில் மையமான கேள்வி. நோய் எப்போது வரும், எவ்வளவு செலவு வைக்கும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எந்தச் சிகிச்சை தேவை என்பதையும் நோயாளியைவிட மருத்துவரே நன்கு அறிவார். இக்காரணங்களால் மருத்துவம் மற்றச் சரக்குகளைப்போலச் சந்தையில் இயங்குவதில்லை என்று பொருளியலறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார்.

மருத்துவத்துக்கான பணம் நான்கு வழிகளில் திரட்டப்படுகிறது: பொது வரி, கட்டாயச் சமூகக் காப்பீடு, தனியார் காப்பீடு, நோயாளியின் கைப்பணம். பெரும்பாலான நாடுகளில் இவற்றில் பல கலந்தே உள்ளன; அவற்றின் விகிதம்தான் நாட்டுக்கு நாடு மாறுகிறது.

சமூகக் காப்பீட்டு முறை

தொழிலாளர்களுக்கான கட்டாய மருத்துவக் காப்பீட்டை 1883-இல் பிஸ்மார்க் காலத்து ஜெர்மனி சட்டமாக்கியது. இன்றும் அங்குச் சம்பளத்தில் குறிப்பிட்ட பங்கைத் தொழிலாளியும் முதலாளியும் சரிபாதியாகக் காப்பீட்டு நிதியங்களுக்குச் செலுத்துகின்றனர். பொதுக் கட்டண விகிதம் 14.6 விழுக்காடு; இதற்கு மேல் ஒவ்வொரு நிதியமும் கூடுதல் கட்டணம் வசூலிக்கிறது. பணம் மருத்துவத்துக்கே செல்கிறது என்பது செலுத்துபவருக்குத் தெளிவாகத் தெரிவது இம்முறையின் வலிமை. சம்பளத்தைப் பெரிதும் சார்ந்திருப்பதால், முதியோர் பெருகும்போது உழைப்பவர் மீது சுமை கூடுவது இதன் குறை.

பொது வரி முறை

பிரிட்டனில் 1942-இல் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை சமூகப் பாதுகாப்புக்கான வரைவைத் தந்தது. அமைச்சர் அனைரின் பெவன் தலைமையில் தேசிய மருத்துவச் சேவை 1948 ஜூலை 5-இல் தொடங்கியது. பெரும்பகுதி பொது வரியில் இயங்கும் இச்சேவையில் மருத்துவரைப் பார்க்கவும் மருத்துவமனையில் தங்கவும் கட்டணம் இல்லை. பல் செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க 1951-இல் அரசு முடிவு செய்தபோது பெவன் பதவி விலகினார். மருந்துச்சீட்டுக் கட்டணம் இங்கிலாந்தில் இன்றும் உண்டு. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றில் நீக்கப்பட்டுவிட்டது. அரசு நிதி இறுகும் ஆண்டுகளில் காத்திருப்போர் பட்டியல் நீள்வது இம்முறை மீதான முதன்மையான குறைகூறல்.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம் 1962-இல் அனைவருக்கும் மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தபோது மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆயினும் திட்டம் நிலைத்தது. 1966-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தால் நாடெங்கும் பரவியது.

அமெரிக்காவின் கலப்பு முறை

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஊதிய உயர்வுக்குக் கட்டுப்பாடு இருந்ததால், அமெரிக்க நிறுவனங்கள் ஆட்களை ஈர்க்கக் காப்பீட்டைச் சலுகையாக அளித்தன. நிறுவனங்கள் அதற்காகச் செலுத்திய தொகைக்குக் கிடைத்த வரிவிலக்கால் காப்பீடு வேலையோடு பிணைந்தது. முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்ட் ஆகிய அரசுத் திட்டங்கள் 1965-இல் வந்தன. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பீட்டை மேலும் விரிவாக்கியது. ஆயினும் கோடிக்கணக்கானோர் இன்னும் காப்பீட்டுக்கு வெளியே உள்ளனர்.

விவாதத்தின் மையம்

டென்மார்க்கிலும் பிரான்சிலும் வரி வருவாய் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 40 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அமெரிக்காவில் 30 விழுக்காட்டுக்கும் குறைவு. இதை மட்டும் வைத்து அமெரிக்கர்களின் சுமை குறைவு என்று கூறுவது பிழை. அந்நாட்டின் மருத்துவச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 17 விழுக்காடு. பிரிட்டனிலும் கனடாவிலும் இது சுமார் 11 விழுக்காடுதான். வரியாகக் கட்டாத தொகையைக் குடும்பங்கள் காப்பீட்டுக் கட்டணமாகவும் மருத்துவமனைக் கட்டணமாகவும் கட்டுகின்றன.

இலவசம் என்றால் மக்கள் தேவையின்றிச் சிகிச்சை பெறுவார்கள் என்ற வாதமும் உண்டு. 1970-களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் நடத்திய சோதனையில், கட்டணம் விதித்தபோது மருத்துவப் பயன்பாடு குறைந்தது. ஆனால் தேவையற்ற சிகிச்சையைப் போலவே தேவையான சிகிச்சையையும் மக்கள் குறைத்துக்கொண்டனர்.

கைப்பணத்தை நம்பியிருக்கும் முறையே ஏழைகளை மிகக் கடுமையாகத் தாக்குகிறது; ஒரே நோய் ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளிவிடும். இந்தியாவில் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைப்பணமாகக் கொடுத்த பங்கு 2013–14-இல் 64.2 விழுக்காடாக இருந்தது; அரசுக் கணக்கின்படி 2021–22-இல் அது 39.4 விழுக்காடாகக் குறைந்தது.