ஸ்ரீபெரும்புதூர் ஏரிகளும் குடிமராமத்தும்

குடிமராமத்து என்பது ஏரி, கரை, கால்வாய் ஆகியவற்றை அவற்றின் நீரால் பிழைக்கும் குடிகளே ஆண்டுதோறும் செப்பனிட்டு வைக்கும் வழக்கம். ‘மராமத்து’ அரபியில் பிறந்து பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். பழுதுபார்த்தல் என்பது அதன் பொருள். சொல் பிற்காலத்தது, வேலை மிகப் பழையது. இன்று கார் தொழிற்சாலைகளால் அறியப்படும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம், இந்த வழக்கம் வேரூன்றியிருந்த ஏரி நாட்டின் நடுவில் இருக்கிறது.

பருவம் கொண்டுவந்து போடும் தடையை அங்கே வாழ்வோரே நீக்க வேண்டும் என்ற விதி வேறு நாடுகளிலும் உண்டு. வட அமெரிக்காவின் குளிர் நகரங்கள் பலவற்றில் வீட்டு வாசலை ஒட்டிய நடைபாதையில் கொட்டும் பனியை வீட்டுக்காரரே வாரித் தள்ள வேண்டும், தவறினால் அபராதம். ஸ்ரீபெரும்புதூர் அடங்கிய தொண்டை மண்டலத்தில் அத்தகைய கடமையை விதித்தது வடகிழக்குப் பருவமழை.

இப்பகுதியில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. பாலாறு பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்க்கும் மழையைத் தேக்கினால்தான் நெல் விளையும். நிலம் கிழக்கு நோக்கிச் சரிவதால், சரிவுக்குக் குறுக்கே கரை போட்டு ஏரிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அமைத்தார்கள். மேல் ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகளின் உபரி 364.5 கோடி கன அடி கொள்ளளவுள்ள செம்பரம்பாக்கம் ஏரியை அடைகிறது. மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி அடையாற்றில் சேர்கிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் பொதுப்பணித் துறையின் கணக்கில் வந்த ஏரிகள் மட்டும் 900க்கு மேல். இந்தச் சங்கிலியில் ஓர் ஊர் தன் வரத்துக் கால்வாயைத் தூர்வாராமல் விட்டால் அந்த ஊர் ஏரி நிரம்பாது. போக்குக் கால்வாயை அடைபட விட்டால் கரை உடைந்து கீழூரும் மூழ்கும்.

ஏரி வெட்டியவர்கள் அதைப் பேணுவதற்கும் வழி செய்து வைத்தார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த செப்பேடுகள், 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் பெயரில் அமைந்த ஏரியையும் அதற்குப் பாலாற்றிலிருந்து நீர் கொணர்ந்த பெரும்பிடுகு கால்வாயையும் குறிப்பிடுகின்றன. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் ஆண்டுதோறும் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை வகுக்கின்றன. ஏரிப் பராமரிப்புக்கென்றே ஒதுக்கிய நிலம் ‘ஏரிப்பட்டி’ எனப்பட்டது; அதன் விளைச்சல் தூர்வாரவும் கரை உயர்த்தவும் பயன்பட்டது.

வேலையில் இரண்டு வகை இருந்தது. கால்வாயில் மண்டிய கோரையையும் செடிகளையும் அறுத்தல், மண் அள்ளுதல், மழையில் அரித்த கரைக்கு மண் போட்டு மிதித்தல், எலி வளையும் நண்டு வளையும் அடைத்தல், மதகடியில் சேர்ந்த சேற்றை நீக்குதல் ஆகியவை குடிகளின் பொறுப்பு. மதகு, கலங்கல் போன்ற கட்டுமானங்களைப் பழுதுபார்ப்பது அரசின் பொறுப்பு. கோடையில் ஏரி வற்றியதும் வேலை தொடங்கும். ஐப்பசி மழைக்கு முன் முடிந்தாக வேண்டும். ஏரியில் எடுத்த வண்டல் வயலுக்கு உரமாகப் போனதால் தூர்வாருவதே விவசாயிக்கு ஆதாயமாகவும் இருந்தது. ஏரி நீர் பாயும் பரப்பான ஆயக்கட்டில் அவரவருக்கு உள்ள நிலத்துக்கு ஏற்ப ஆள் அனுப்ப வேண்டும். நீரைப் பிரித்து விடும் நீர்க்கட்டிக்கும் ஏரிச் செலவுக்கும் களத்திலேயே, நெல்லைப் பங்கிடும் முன், மேரை எனும் தனிப் பங்கை ஒதுக்கினார்கள்.

அந்த ஒழுங்கில் நீதி முழுமையாக இல்லை. ஆள் அனுப்பும் கடமை நிலமுள்ள மிராசுதாரருக்கு. மண் சுமந்தவர்கள் பெரும்பாலும் நிலமற்ற பண்ணையாட்கள், அதிலும் மிகுதியாக ஒடுக்கப்பட்ட சாதியினர். கரையைக் காத்தவர்களுக்கு அந்த ஏரி நீர் பாயும் நிலத்தில் பங்கு இல்லை.

இந்த வட்டாரம் அடங்கிய செங்கல்பட்டு ஜாகீர் 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு நடத்திய அளவாய்வு, ஊர் ஊராக ஏரிகளையும் மானியங்களையும் பதிவு செய்தது. ஹைதர் அலி படையெடுப்பில் பாழ்பட்ட ஏரிகளை 1790களில் ஆட்சியர் லயோனல் பிளேஸ் செப்பனிட முயன்றார். ஆனால் கம்பெனியின் வரி முறை ஊர்ப் பொதுப் பங்கைக் குறைத்து, வரியைத் தனித்தனி விவசாயியிடம் வசூலிப்பதாக மாறியது. பேணுவதற்கான வருவாய் ஊரை விட்டுப் போயிற்று. உழைக்கும் கடமை மட்டும் ஊரிலேயே நின்றது. அதை வற்புறுத்த 1858இல் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. வழக்கப்படி தர வேண்டிய உழைப்பைத் தராதவர் அதன் மதிப்பில் இரு மடங்கு தொகை கட்ட வேண்டும் என்றது அச்சட்டம். ஊர் தானாகச் செய்த வேலை தண்டத்துக்கு அஞ்சிச் செய்யும் வேலை ஆனபோது வழக்கம் தளர்ந்தது. 1876–78 பெரும் பஞ்சத்துக்குப் பின், 1883இல் அரசு ஏரிச் சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்தன. கிணறும் பம்பு செட்டும் பெருகியதும் ஏரியை நம்பும் தேவை மேலும் குறைந்தது.

அடுத்த மாற்றம் நிலத்திலேயே நிகழ்ந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசானும் வந்தன. சிப்காட் தொழில் வளாகங்கள், ஆறு வழிச் சாலைகள், தொழிலாளர் குடியிருப்புகள் என வட்டாரம் வளர்ந்தது. வயல் குறையக் குறைய ஆயக்கட்டு சுருங்கியது; ஆள் அனுப்பக் கடமைப்பட்டவர்கள் குறைந்தனர். ஆனால் நிலத்தின் சரிவு மாறவில்லை. பாசனத்துக்கு வெட்டிய கால்வாய்களே தொழிற்பேட்டையின் வெள்ள வடிகாலாயின.

2015 டிசம்பர் 1 அன்று பெய்த மழை இதை உணர்த்தியது. மேல் ஏரிகளின் உபரி செம்பரம்பாக்கத்தில் குவிந்தது. அங்கிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி சேரும் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரமும் மூழ்கின. ஹூண்டாய், ரெனோ–நிசான், ராயல் என்ஃபீல்டு ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின.

பெயரளவில் வழக்கம் மீண்டதும் இதே வட்டாரத்தில்தான். 2017 மார்ச் 13 அன்று, ஒரகடத்துக்கு வடகிழக்கே உள்ள மணிமங்கலம் ஏரியில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுக்கப்பட்டன. செலவில் 10 விழுக்காட்டைப் பாசன விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது விதி. பழைய வழக்கத்தில் மண் வேலை முழுதும் குடிகளுடையது. புதிய திட்டத்தில் பெரும்பங்கு அரசுடையது.

இரண்டு முறைகளும் கடமையை ஆயக்கட்டு நிலத்தோடு கட்டியிருக்கின்றன. இன்று ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடத்தில் கால்வாய் தூர்ந்தால் நனைவது நெல் வயல் மட்டுமல்ல. வாடகை அறையில் தங்கும் தொழிலாளியின் பாயும் ஆலையின் தளமும் நனைகின்றன. அவர்கள் எவரும் எந்த ஆயக்கட்டுப் பட்டியலிலும் இல்லை. நீரால் பிழைப்பவரே நீர்வழியைக் காக்க வேண்டும் என்பது குடிமராமத்தின் அடிப்படை. நீர் வடிவதால் பிழைப்பவர்களையும் குடி என்று எண்ணும்போதே அந்த வழக்கம் இந்த நிலத்துக்கு மீண்டும் பொருந்தும்.