ஆச்சியின் வழக்கேடு

மண்கும்பானில் எங்கள் ஆச்சியின் பெட்டகத்துள் பழைய வழக்கேடொன்றின் பிரதி இருந்தது. பங்குக் கிணறு பற்றிய வழக்கு. தீவுப்பகுதியில் நன்னீர்க் கிணற்றின் பங்கு காணியிலும் பெரிய சொத்து என்பதை நேயர்கள் அறிவீர்கள். தீர்ப்போ ஆங்கிலத்தில் இருந்தது. படித்தவர் யார் வீட்டுக்கு வந்தாலும் ஆச்சி அதை நீட்டுவார். "எங்கட பங்கு சரியா எழுதியிருக்கோ, பார் தம்பி."

இந்தக் கேள்விக்கு வயது முந்நூறுக்கு மேல். 1706இல் ஒல்லாந்த ஆளுநர் சீமன்ஸ், யாழ்ப்பாணத்து வழமைகளைத் தொகுக்குமாறு பணித்தார். திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் அவற்றை ஒல்லாந்த மொழியில் எழுதினார். எழுதியது நேரே நீதிமன்றம் போகவில்லை. ஜான் பீருஸ் என்பவர் அதைத் தமிழில் பெயர்க்க, பன்னிரண்டு முதலியார்கள் படித்துப் பார்த்து, நாட்டு வழக்கோடு ஒத்திருக்கிறது என்று ஒப்பினர். 1707இல் பிரதிகள் நீதிமன்றங்களுக்குச் சென்றன. அதுவே தேசவழமை. முதலியார்கள் ஊரின் மேல்தட்டினர். அந்நூலில் அடிமைமுறைக்கும் இடமிருந்தது. ஆயினும் சட்டத்துக்கு ஆட்படுவோரில் சிலரேனும் அதைத் தம் மொழியில் சரிபார்த்தார்கள்.

ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் தேசவழமையை நிலைநிறுத்தினர். 1862இல் முத்துக்கிருஷ்ணா என்பவர் அதனுடன் நீதிமன்றத் தீர்ப்புகளையும் திரட்டி நூலாக்கினார். முதுசம், சீதனம், ஒற்றி என்று எங்கள் முன்னோர் பிணங்கிய சங்கதிகள் இன்று வரலாறாக வாசிக்கக் கிடைப்பது அதனால்தான். அந்த நூலும் ஆங்கிலத்திலேயே வந்தது.

1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், பொது ஆவணத்தைப் பார்வையிடும் உரிமையுள்ளவர் கட்டணம் செலுத்திக் கேட்டால், 'உண்மைப் பிரதி' என்று அடியில் அத்தாட்சி எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆச்சியின் பிரதியிலும் அந்த அத்தாட்சி இருந்தது. கதவு திறந்தே இருந்தது. மொழிதான் குறுக்கே நின்றது. 1961இன் நீதிமன்ற மொழிச் சட்டம் ஆங்கிலத்தின் இடத்துக்குச் சிங்களத்தைக் கொண்டுவர வழிசெய்தது. 1988இன் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம், தமிழ் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளின் நீதிமன்றங்களில் தமிழே வழங்க வகைசெய்தது. வழக்குத் தாக்கலும் வழக்கேடும் தமிழில் அமையலாயின.

இரண்டே ஆண்டில், 1990இல், மண்கும்பான் இடம்பெயர்ந்தது. பெட்டகம் போயிற்று.

பத்தாண்டு எதிரிடையாக ஆண்டவர் காணிக்கு உரித்துக் கோரலாம் என்பது 1871 முதல் உள்ள சட்டம். போர்க்காலத்தில் வழக்காட முடியாமற்போனவர்களில் ஒருசாராருக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதிலிருந்து விலக்களித்தது. அப்போதும் உரித்தைக் காட்ட ஒரு கடதாசி வேண்டும். பழைய ஏட்டைத் தேடுவதற்கோ வழக்கு இலக்கம் வேண்டும்.

ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்த இலக்கம் மனப்பாடம். முகாமிலே பேரப்பிள்ளைகளை இருத்தி, வாய்ப்பாடு போல அதைச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு இன்றும் மறக்கவில்லை.