நத்தமும் சைட்டும்: பெங்களூருவின் விளிம்பு நிலத்தில் கொத்துக் குடியிருப்புக்கான வாதம்

பெங்களூருவைச் சுற்றியுள்ள நிலத்துக்கு இரண்டு அளவை மொழிகள் உண்டு. உழுதவர் அதை ஏக்கரிலும் குண்ட்டேயிலும் சொல்வார். 40 குண்ட்டே ஓர் ஏக்கர். வாங்க வருகிறவர் ‘முப்பதுக்கு நாற்பது’ என்றோ ‘நாற்பதுக்கு அறுபது’ என்றோ கேட்பார். அடிக்கணக்கில் அகலமும் நீளமும் சொன்னாலே அது ஒரு சைட் என்று அனைவருக்கும் விளங்கிவிடும். முதல் மொழியிலிருந்து இரண்டாம் மொழிக்கு நிலம் மாறும் அந்த ஒரு கட்டத்தில்தான் நகரின் விளிம்பு நிலம் வீணாகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். வீடுகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல், அவற்றை நெருக்கமாகக் கொத்துக் கொத்தாக அமைத்து, மிஞ்சும் நிலத்தைத் துண்டாடாமல் பொதுவில் வைத்தால் அந்த வீணைத் தடுக்கலாம். ஆனால் ஒரு கொத்தின் பொது நிலம் அடுத்த கொத்தின் பொது நிலத்தோடும் இரண்டுக்கும் நடுவே ஓடும் நீர்வழியோடும் சேர வேண்டும். சேராவிட்டால் அது மதில் சுவருக்குள் அடைபட்ட பூங்காவாக மட்டுமே முடியும். தமிழ்நாட்டில் ‘தொகுப்பு வீடு’ என்றால் ஏழைகளுக்கு அரசு கட்டித்தரும் வீடு என்று பொருள் நிலைத்துவிட்டதால், இங்கே ‘கொத்துக் குடியிருப்பு’ என்னும் சொல்லை ஆள்கிறேன்.

இந்த அமைப்பு அந்நிலத்துக்குப் புதிதும் அன்று. மைசூர்ச் சீமையின் கிராமம் ‘கிராமதாணா’ என்னும் சிறு திடலுக்குள் வீடுகளைச் சுவரோடு சுவர் ஒட்டி நெருக்கி வைத்திருந்தது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் அது நத்தம். நத்தத்துக்கு வெளியே மேய்ச்சலுக்குக் ‘கோமாளா’, ஊர்ப் பொதுவில் ‘குண்டுதோப்பு’ என்னும் மரத்தோப்பு, தாழ்வில் ‘கெரே’ என்னும் ஏரி, ஓர் ஏரியின் மிகுநீரை அடுத்த ஏரிக்குக் கொண்டு செல்லும் ‘ராஜகாலுவே’ என்னும் கால்வாய். வற்றாத ஆறு இல்லாத, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலத்தில் மக்கள் பிழைத்திருந்ததே இந்த ஏரித்தொடரால்தான். வீட்டுக்கு எவ்வளவு குறைவாக நிலம் எடுக்கிறோமோ அவ்வளவுக்கு ஏரிக்கும் பயிருக்கும் மிச்சம் என்னும் கணக்கு அந்த அமைப்பில் பொதிந்திருந்தது. நகரத்துக்குள்ளும் அதன் சாயல் இருந்தது. மல்லேஸ்வரம், பசவனகுடி போன்ற பழைய பகுதிகளில் ஒரே முற்றத்தையும் ஒரே கிணற்றையும் சுற்றி அமைந்த ‘வட்டார’ வீடுகளைக் கன்னட வாசகர் நன்கறிவர். திருநெல்வேலிப் பக்கத்தில் வளவு என்றும் சென்னையில் ஸ்டோர் என்றும் நாம் சொன்னது அதற்கு நெருங்கிய உறவு. நத்தத்திலும் வளவிலும் சாதியும் வாடகையும் யாரை உள்ளே விடுவது என்று தீர்மானித்தன; அந்த விலக்கத்தை இன்றைய திட்டம் எதுவும் மீட்டெடுக்கக் கூடாது. ஏற்கத் தக்கது நிலத்தைக் கையாண்ட முறை மட்டுமே.

1945-இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியமும், 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதன் இடத்துக்கு வந்த பெங்களூரு வளர்ச்சி ஆணையமும் வேறொரு வழியில் சென்றன. விவசாய நிலத்தைக் கையகப்படுத்து, சாலை போடு, சைட்டாகப் பிரி, ஒதுக்கு: இதுவே அவற்றின் தொழில். விளைநிலத்தை உரிய அனுமதியின்றிப் பிரித்த தனியார் ‘ரெவின்யூ லேஅவுட்டுகள்’ அதே முறையைச் சாலையும் சாக்கடையும் இல்லாமல் பின்பற்றின. அவற்றில் வீடு கட்டியவர்கள் ‘பி-காத்தா’ என்னும் முழு அங்கீகாரமில்லாத சொத்துப் பதிவோடு ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். விதிமீறலை ஒழுங்குபடுத்த வந்த ‘அக்ரம-சக்ரம’ திட்டத்தை 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அரசின் லேஅவுட்டாயினும் தனியாரின் லேஅவுட்டாயினும் திட்டமிடலின் அலகு சைட்தான். ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி அலகாகக் கொள்ளப்படவில்லை. பேருந்தோ மெட்ரோவோ சென்று சேரும் தூரமும் கொள்ளப்படவில்லை.

இதன் விலையைக் காவிரியில் பார்க்கலாம். 2007-இல் 7 நகரசபைகளையும் 1 புரசபையையும் 110 கிராமங்களையும் இணைத்துப் பெருநகர பெங்களூரு மாநகராட்சி உருவானபோது, சுமார் 225 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகரம் 700 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. அந்த 110 கிராமங்களுக்காக நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவரும் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2024 அக்டோபரில். இடைப்பட்ட 17 ஆண்டுகள் அங்கே வீடு கட்டியவர்கள் ஆழ்துளைக் கிணற்றையும் தண்ணீர் லாரியையும் நம்பியிருந்தார்கள். 2024 கோடையில் அவ்விரண்டும் கைவிட்டன. இந்தக் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு மின்சாரத்தால் ஏற்றப்படுவது. வீடுகள் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவுக்குக் குழாயின் நீளம் கூடுகிறது. பாதி சைட்டுகள் காலியாகக் கிடக்கும் தெருவிலும் முழுத் தெருவுக்கான குழாயைப் புதைத்தே ஆகவேண்டும்.

வாதத்தை ஒரு கணக்கில் வைத்துப் பார்ப்போம். 10 ஏக்கர் நிலம் என்பது 4,35,600 சதுர அடி. வழக்கப்படி அதில் 55 விழுக்காட்டைச் சைட்டுகளுக்கும் மீதியைச் சாலை, பூங்கா, பொது வசதிகளுக்கும் விட்டால், 1,200 சதுர அடி கொண்ட முப்பதுக்கு நாற்பது சைட்டுகள் ஏறத்தாழ 200 கிடைக்கும். அதே 200 குடும்பங்களுக்கு, பக்கச்சுவரைப் பகிரும் வீடுகளாக, முற்றத்தோடு சேர்த்துத் தலா 800 சதுர அடி கொடுத்தால் 1,60,000 சதுர அடி போதும். இது மொத்தத்தில் 37 விழுக்காடு. ஒவ்வொரு வாசலுக்கும் கார்ச்சாலை தேவையில்லாதபடி வண்டிகளைக் கொத்தின் ஓரத்தில் நிறுத்தி உள்ளே நடைபாதை மட்டும் விட்டால், சாலைக்கு 18 விழுக்காடு ஒதுக்கலாம். எஞ்சுவது 45 விழுக்காடு, அதாவது 4.5 ஏக்கர். வீடு ஒன்றுகூடக் குறையவில்லை. இரண்டு மாடி எழுப்பினால் அறைகளும் பெரிதாகக் குறையா. குறைவது எது? தனிமனையைச் சுற்றிலும் கட்டட விதிப்படி விடவேண்டிய மூன்றடி, நான்கடி இடைவெளிகள். அண்டை வீட்டுச் சுவருக்கும் நம் சுவருக்கும் நடுவே வெயிலும் படாமல் காற்றும் ஓடாமல் கிடக்கும் அந்தச் சந்து, 200 சைட்டுகளிலும் சேர்ந்தால் ஏக்கர் கணக்கில் வரும். அந்த நிலத்தை ஓரிடத்தில் திரட்டுவதே கொத்துக் குடியிருப்பின் முழு உத்தி.

திரட்டிய நிலம் என்ன செய்யும் என்பதை மழை சொல்லும். பெங்களூருவில் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக மழை பெய்கிறது. 4.5 ஏக்கரில், அதாவது சுமார் 18,200 சதுர மீட்டரில், விழும் நீர் ஆண்டுக்கு 1.7 கோடி லிட்டருக்கு மேல். நாளொன்றுக்குத் தலைக்கு 135 லிட்டர் என்று கொண்டால் 200 குடும்பங்களில் வாழும் 800 பேருக்கு ஆண்டுத் தேவை சுமார் 3.9 கோடி லிட்டர். விழுந்த நீரெல்லாம் மண்ணில் இறங்காது. ஆவியாவதும் வழிவதும் உண்டு. ஆயினும் தேவையின் அளவோடு ஒப்பிடத்தக்க நீர் காலடியில் விழுகிறது என்பதும், சிமெண்ட் போட்ட சைட்டுகளில் அது சாலை வழியே ஓடித் தாழ்வில் இருப்பவரின் வீட்டில் புகுகிறது என்பதும் கவனத்துக்குரியவை. 2022 செப்டம்பரில் சர்ஜாபூர் சாலையை ஒட்டியும் யமலூரிலும் விலை மிக்க தனிவீட்டுக் குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்து, மக்களை டிராக்டரிலும் படகிலும் ஏற்றி வெளியே கொண்டுவர நேர்ந்தது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளை நோக்கிச் சரியும் நிலம் அது. நீர் தன் பழைய பாதையைத் தேடியது. பாதையில் சைட்டுகள் இருந்தன.

உலக அளவில் இந்தச் சிந்தனைக்கு நீண்ட வரலாறு உண்டு. கிளாரன்ஸ் ஸ்டெயினும் ஹென்றி ரைட்டும் 1929-இல் நியூ ஜெர்சியின் ராட்பர்னில் வீடுகளின் முகத்தைப் பொதுப் பசுமைக்குத் திருப்பி, கார்களைப் பின்புறம் தள்ளினார்கள். 1960-களில் வில்லியம் வைட் அமெரிக்கப் புறநகர்களுக்காக இதே முறையை விரிவாக வாதிட்டார். நமக்கு அதைவிட நெருக்கமான சான்று நவி மும்பையில் இருக்கிறது. சார்லஸ் கொரியா 1983-86 ஆண்டுகளில் பேலாப்பூரில் வடிவமைத்த குடியிருப்பில், 7 வீடுகள் 8 மீட்டர் சதுர முற்றம் ஒன்றைச் சூழ்ந்து நிற்கின்றன. அத்தகைய மூன்று கொத்துகள் சேர்ந்து 21 வீடுகளாக இன்னொரு பெரிய முற்றத்தைச் சூழ்கின்றன. தாழ்ந்த வீடுகளாலேயே ஹெக்டேருக்கு 500 பேர் என்னும் அடர்த்தியை அங்கே எட்ட முடிந்தது. நெருக்கம் வேண்டுமானால் அடுக்குமாடி கட்டித்தான் தீரவேண்டும் என்னும் எண்ணத்துக்கு இது நேரடி விடை.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு மக்களின் மனத்திலிருந்து வருகிறது: சொந்த மண் வேண்டும். பெங்களூருவின் நடுத்தரக் குடும்பத்துக்குச் சைட் என்பது சேமிப்பு, மகளின் திருமணச் செலவு, முதுமைக்கான வாடகை. அதை ஆசை என்று ஒதுக்க எவருக்கும் உரிமையில்லை. அடுக்குமாடி வீட்டில் கிடைக்கும் பிரிக்கப்படாத பங்கு இந்த நம்பிக்கையைத் தருவதில்லை. ஆனால் பேலாப்பூரில் ஒவ்வொரு குடும்பமும் தனக்கென மனை பெற்றது. வசதி வந்தபோது விரித்துக் கட்டவும் இடிந்ததை மாற்றிக் கட்டவும் முடிந்தது. பலர் அப்படியே செய்தார்கள். முதலில் கட்டிய எளிய வீடுகள் பல மாறிவிட்டன, கொத்தின் அமைப்பு நிற்கிறது. ஆகவே சிறிய சொந்த மனையையும் பெரிய பொது நிலத்தையும் ஒரே பத்திரத்தில் தர இயலும். மெட்ரோ நிலையங்களின் அருகே அடுக்குமாடிகள் எழுவதை இவ்வாதம் எதிர்க்கவில்லை. 2023-இல் ஒயிட்ஃபீல்டு வரையும் 2025-இல் பொம்மசந்திரா வரையும் தடம் நீண்டபின் அங்கே நிலத்தின் மதிப்பு வேறு. அதற்கு அப்பால், இன்னும் ராகி விளையும் நிலத்துக்கே இந்த முறை உரியது.

இரண்டாம் மறுப்பு வலுவானது. விளிம்பில் நிலம் ஒருவர் கையில் இல்லை. ஓர் ஏக்கரும் இருபது குண்ட்டேயுமாகச் சிதறியுள்ளது. ஒரு சர்வே எண்ணுக்குள் கொத்து அமைத்தால் மிஞ்சும் பொது நிலம் கைக்குட்டை அளவே இருக்கும். எனவே பிரிப்பதற்கு முன் சேர்க்கும் சட்டவழி தேவை. குஜராத்தில் 1915-ஆம் ஆண்டின் பம்பாய் நகரத் திட்டச் சட்டத்திலிருந்து வளர்ந்த நகரத் திட்ட முறை அதைத்தான் செய்கிறது: பல உரிமையாளர்களின் நிலத்தை ஒன்றாக வரைந்து, சாலைக்கும் பொதுவுக்கும் எடுத்தபின், மதிப்புக் கூடிய சிறிய மனையை அவரவருக்கே திருப்பித் தருகிறது. கர்நாடகமும் இதன் பாதித் தூரத்தை நடந்துவிட்டது. நாடபிரபு கெம்பேகவுடா லேஅவுட்டில் நிலம் இழந்தோருக்கு, மேம்படுத்திய நிலத்தில் 40 விழுக்காட்டை இழப்பீடாகத் தரும் வழி ஏற்கப்பட்டது. விவசாயி பங்காளியாக வரச் சம்மதிப்பார் என்பதற்கு இது சான்று. திருப்பித் தந்த நிலத்தையும் மறுபடி சைட்டுகளாகவே தந்ததுதான் குறை. 2020-இல் நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79அ, 79ஆ பிரிவுகள் நீக்கப்பட்டு, விவசாயி அல்லாதவரும் விளைநிலம் வாங்கலாம் என்றானபின், சேர்ப்பதற்கான காலம் விரைந்து குறைகிறது.

மூன்றாவது, பொது நிலத்தை யார் காப்பார் என்னும் கேள்வி. பெங்களூரு இதில் கசப்பான பாடம் படித்த நகரம். ஏரியும் கோமாளாவும் ஆக்கிரமிக்கப்பட்ட விதத்தை ஏ.டி. ராமசாமி தலைமையிலான சட்டமன்றக் கூட்டுக் குழுவும் பின்னர் வி. பாலசுப்பிரமணியன் தலைமையிலான பணிக்குழுவும் ஆவணப்படுத்தின. பொதுவில் விட்ட நிலம் பறிபோகும் என்று அஞ்சுகிறவர் தவறாக அஞ்சவில்லை. ஆனால் பறிபோனவற்றில் பெரும்பகுதி அரசுப் பதிவேட்டில் மட்டும் பொதுவாயிருந்து, அன்றாடம் அதைப் பார்த்துக்கொள்ள அருகில் ஒருவரும் இல்லாத நிலம். வாசற்கதவு திறந்தால் தெரியும் முற்றத்துக்கும், கொத்தின் எல்லையிலேயே ஓடும் கால்வாய்க்கும் அந்த நிலை நேராது. அதற்கு எதிரான ஆபத்தும் உண்டு: பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிச் சுவர் எழுப்பிக் காவலாளியை நிறுத்திவிடுவது. அப்படிச் செய்தால் நத்தத்தின் விலக்கம் வேறு உடையில் திரும்பி வரும். வீட்டுவேலைக்கு வருபவரின் பிள்ளைக்கு அந்தத் தோப்பில் இடமிருக்காது. ஆகவே பராமரிப்பைக் குடியிருப்போர் சங்கத்திடம் விடலாம். நீர்வழியையும் அதன் கரைப் பாதையையும் உள்ளாட்சியின் பெயரில் பதிய வேண்டும்.

சட்டத்தில் இதற்கு அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது. வளர்ச்சி ஆணையச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, லேஅவுட்டின் மொத்தப் பரப்பில் 15 விழுக்காட்டுக்குக் குறையாமல் பூங்காவுக்கும் மேலும் 10 விழுக்காடு பொது வசதிகளுக்கும் ஒதுக்கச் சொல்கிறது. விழுக்காட்டைச் சொன்ன சட்டம், அது எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் பூங்கா பெரும்பாலும் சைட்டாக விற்க முடியாத முக்கோண மூலையில் போய்ச் சேர்கிறது. பக்கத்து லேஅவுட்டின் முக்கோணம் வேறொரு மூலையில். இரண்டும் ஒருநாளும் சந்திப்பதில்லை. 2031-க்கான வரைவுப் பெருந்திட்டம் 2017-இல் வெளியாகி 2020-இல் திரும்பப் பெறப்பட்டதால், 2015-ஐ இலக்காகக் கொண்டு 2007-இல் ஒப்புதல் பெற்ற திட்டத்தையே நகரம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. புதிய திட்டம் எழுதப்படும்போது ஒரு விதி போதும்: நில வரைபடத்தில் ராஜகாலுவேயும் ஏரிக்கரையும் தோப்பும் முதலில் குறிக்கப்பட வேண்டும், பொது நிலம் அவற்றை ஒட்டியே விடப்பட வேண்டும், அதன்பின் எஞ்சிய மேட்டில் வீடுகள் கொத்தாக வரையப்பட வேண்டும். இவ்வரிசையில் வரும் திட்டத்துக்குப் பக்க இடைவெளி விதியைத் தளர்த்தி, சாலை அகலத்தையும் குறைக்க அனுமதித்தால் கட்டுகிறவருக்கும் நட்டமில்லை.

ஆனேகல், ஹொசகோட்டே, நெலமங்களா, மாகடி, தேவனஹள்ளி வட்டங்களில் துண்டாடப்படாத சர்வே எண்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு லேஅவுட் அனுமதி வழங்கும் அதிகாரம் திட்ட ஆணையங்களின் கையில் இருக்கிறது. அந்த நிலங்களின் மேல் முதல் சைட் கல்லை நடுவதற்கு முன்பே இவ்விதியை எழுத வேண்டும்.