கடலுக்கு ஒரு நுழைவுக்கட்டணம்

கரிபியன் கடலின் தென்பால், வெனிசுவேலா நாட்டுக் கரைக்கு வடக்கே கிடப்பது பொனயர்த் தீவு. ஒல்லாந்தர் ஆட்சியில் நெடுங்காலம் உப்பு விளைத்துப் பிழைத்த வறண்ட நிலம் அது. கரையருகிலேயே முருகைக்கற்பாறைகள் தொடங்கிவிடுவதால், 1960களில் சுழியோடிகள் அதனை நாடி வரலாயினர். ஈட்டியால் மீன் எய்தல் 1971இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1979இல், உயர்நீர் எல்லை முதல் 60 மீற்றர் ஆழம் வரையிலான கடல் முழுவதும் பாதுகாக்கப்பட்ட பூங்காவாயிற்று.

ஆயினும், பூங்காவை அமைக்க உதவிய நன்கொடை சில ஆண்டுகளில் தீர்ந்தது. சட்டம் ஏட்டளவில் நின்றது. படகின் நங்கூரம் ஒருமுறை வீழ்ந்தால் நூற்றாண்டுக்கால முருகைக்கல் நொறுங்கும். அதற்காகவே நிலையான மிதவைகள் கட்டப்பட்டன; அவற்றைப் பேணுவதற்கும் பணம் வேண்டுமன்றோ?

எனவே 1992இல் சுழியோடி ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்து டொலர் கட்டணம் விதிக்கப்பட்டது. செலுத்தியோர் ஒரு வில்லையைத் தம் கருவியில் தொங்கவிட்டே கடலில் இறங்கினர். வருவோர் வேறு தீவுகளுக்குப் போய்விடுவர் என அஞ்சியோர் உளர். அவ்வச்சம் வீணாயிற்று. அக்காலத்து ஆய்வொன்றில், வினவப்பட்டோருள் நூற்றுக்கு 92 பேர் கட்டணம் தகும் என்றனர். 80 பேர் இருபது டொலரும் தரச் சித்தமாயிருந்தனர்.

ஆனால் அவ்வாய்வே வேறொன்றையும் காட்டிற்று. சுழியோடிகள் மிகுதியாக இறங்கும் இடங்களில் முருகைக்கற்கள் தேய்ந்திருந்தன. பாறையைக் காக்கும் வருவாயும் அதனைத் தேய்க்கும் கூட்டமும் ஒன்றாகவே வளர்ந்தன. 2023இல் முருகைக்கற்களின் தசையை அழிக்கும் நோயும் அங்கு வந்து சேர்ந்தது. அதன்பின் கட்டணம் செலுத்தியவரும் தம் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்தே இறங்குமாறு கேட்கப்பட்டனர்.